சிரிக்காதவர்களை வெட்டும் மெசின்

நான் ஒரு விசரன், அசல் பைத்தியக்காரன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். வாசித்துக்கொண்டு போகையில் நீங்களாகக் கண்டுபிடித்துப் பெருமைப்படக் கூடாது.

மருதனார்மடம் சந்தையில் தக்காளி வாங்கினால் குவியலின் அடியில் கை விட்டுப் பார்ப்பவன் நான். வங்கியிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து வந்தால் அதை அழித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வாசல் படலையையும் பூட்டிவிட்டு வருவேன். மச்சான்காரன் நலம் விசாரித்தாலே, இவன் எதற்கு அடிப்போடுகிறான் என்று யோசிக்கிற ஆள்.

அப்படிப்பட்ட நான், 'ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்த ஒரு நீலப் பொத்தானை அமத்தினேன். அதற்கு மேலே பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக என்னவோ இருந்தது. ஒரு வரியும் வாசிக்கவில்லை. எதை ஒப்புக்கொண்டேன் என்பது ஒரு காலை, மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

வந்தவர் சிவஞானம் அண்ணை. அவருடைய மகளின் கலியாணத்துக்கு நான்தான் வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, ஒரு கிழமைக்கு முன்னர் கொடுத்திருந்தேன். மனிதர் ஹெல்மெற்றைக் கழற்றவில்லை. அதற்குள் இருந்தபடியே கத்தினார். கிணற்றுக்குள் இருந்து ஒருவர் ஏசுவதுபோல இருந்தது.

"எங்கையடா என்ரை அண்ணை?"

"உரும்பிராயிலை, வீட்டைதானே அண்ணை இருப்பார்."

"வீடியோவிலை எங்கையெண்டு கேக்கிறன்!"

என் மனைவி பவானி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, அண்ணைக்குத் தேத்தண்ணி போடட்டோ?"

"எனக்குத் தேத்தண்ணி வேண்டாம் பிள்ளை. அண்ணைதான் வேணும்."

வேலியில் நின்ற வேம்பு

அந்த அண்ணையைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு இந்தக் கோபம் விளங்காது.

சண்முகம் ஐயா சிவஞானம் அண்ணையின் உடன்பிறந்த தமையன். பக்கத்துப் பக்கத்துக் காணி. இரண்டுக்கும் நடுவே வேலி, வேலியில் ஒரு வேம்பு. அந்த வேம்பு யாருடையது என்பதில் தொடங்கிய கதை, இருவரும் கதைக்காமல் விடுவதில் போய் முடிந்தது. பிறகு ஒரு மாரிக்காற்றில் வேம்பே விழுந்தது. விழுந்த மரத்தை இருவரும் தொடவில்லை. இவர் எடுத்தால் அவர் கேட்பார், அவர் எடுத்தால் இவர் கேட்பார். கறையான் யாரையும் கேட்கவில்லை.

கதைக்காத காலத்தில் ஒரு வீட்டில் செத்த வீடும் மற்ற வீட்டில் பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடும் நடந்தன. யாரும் வேலியைத் தாண்டவில்லை.

மகளின் கலியாணத்தன்று காலையில், மண்டபத்து வாசலில் வைத்துச் சிவஞானம் அண்ணை என் காதுக்குள் சொன்னார்: "தம்பி, அண்ணை வந்தாலும் வருவார். வந்தால் விட்டிடாதை."

வந்தார். தாலி கட்டி முடிந்து, பெரியவர்கள் அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்க வரிசையில் வந்தபோது, வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாக அந்த மனிதரும் நின்றார். மண்டபத்தில் பாதிப் பேர் மூச்சு விடவில்லை. நான் நேரே முகத்துக்குக் கிட்டக் கமெராவைக் கொண்டுபோய் எடுத்தேன். அறுகரிசி போட்டார், இறங்கினார், போய்விட்டார். சாப்பிடவில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு வருவது வேறு, அந்தக் கலியாணத்தில் கை நனைப்பது வேறு. வந்தது அரைச் சமாதானம். அதனால் பெண்ணும் மாப்பிள்ளையும் சுவிசுக்கு வெளிக்கிட முன்னம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே சாப்பாடு வைத்துத் தமையனைக் கூப்பிடுவது என்று சிவஞானம் அண்ணை முடிவு செய்திருந்தார்.

இடையில் என் வீடியோ போய்ச் சேர்ந்தது. உள்ளூருக்கு மட்டுமல்ல, ஒரே நாளில் ஐந்தாறு நாடுகளுக்கு. ரொறன்ரோவில் இருக்கும் சண்முகம் ஐயாவின் மகன் அதை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிட்டுத் தகப்பனுக்குப் போன் எடுத்திருக்கிறான்: "அப்பா, நீங்கள் கலியாணத்துக்குப் போனனீங்கள்தானே?"

வீடியோவில் அவர் இல்லை. தலை இல்லை, கை இல்லை, வேட்டிக் கரைகூட இல்லை.

"தம்பி சொல்லித்தான் வெட்டினவங்கள்," என்று தமையன் முடிவுகட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குச் சொல்லப் போன ஆளிடம், "என்னை வெட்டின வீட்டிலை நான் கை நனைக்கமாட்டன் எண்டு சொல்லு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஹெல்மெற்றின் கண்ணாடி உள்ளே புகார் பிடித்து மங்கியிருந்தது. அது மூச்சா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிற துணிவும் இல்லை.

மருமகன்மாதிரி ஒரு மென்பொருள்

என்ன நடந்தது?

அந்த மாதம் முழுக்க முகூர்த்தம். இருந்து இருந்து வெட்டியதில் என் இடுப்பு எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது. அப்போதுதான் அந்த மென்பொருள் வந்தது. கொஞ்சக் காலத்துக்கு இலவசம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைமாதிரி அப்படி ஒரு பணிவு. திறந்தால் வணக்கம். மூடினால் நன்றி. "உங்கள் சுமையை நாங்கள் சுமக்கிறோம்" என்றது. கட்டிய மனுசியே சொல்லாத வசனம். அங்கேயே நான் உசாராகியிருக்க வேண்டும்.

எடுத்த எல்லாவற்றையும் இணையத்தில் மேலே ஏற்றிவிட்டால், நல்ல காட்சிகளை அதுவே தெரிவுசெய்து, அதுவே வெட்டி, பாட்டும் போட்டு, ஒரு முழுக் கலியாணத்தைத் தந்துவிடும். நான் மத்தியானம் சோறு சாப்பிட்டு, ஒரு கண் அயர்ந்து, எழும்பி வர வேலை முடிந்திருந்தது. முன்பக்கம் கொஞ்சம் பார்த்தேன். கடைசியும் கொஞ்சம் பார்த்தேன். வடிவாக இருந்தது. நடுவைப் பார்க்கவில்லை. தக்காளிக் குவியலின் அடியில் கை விடுகிற அதே ஆள்தான்.

சிவஞானம் அண்ணை போன பிறகுதான் முழுவதையும் இருந்து பார்த்தேன். அப்போது பிடிபட்டது. அந்த மெசினுக்கு நல்ல முகம் என்றால் சிரித்த முகம்.

மாப்பிள்ளை பகுதி சுவிசிலிருந்து வந்தவர்கள். கமெராவைக் கண்டால் பல்லைக் காட்டப் பழகியவர்கள். சமையல்காரரைப் பார்த்தும் சிரிக்கிறார்கள், செருப்பைக் கழற்றும்போதும் சிரிக்கிறார்கள். எங்களுடைய ஆட்களோ, கமெரா திரும்பினால் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதுபோல நிமிர்ந்து நிற்பவர்கள். மணவறையில் சிரிப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள். அறுகரிசி போடுகிற கட்டத்தில் பெண் வீட்டுப் பெரியவர்களை மெசின் வரிசையாகத் தூக்கி எறிந்திருந்தது. பெண்ணுக்கு ஆசி சொல்லச் சொந்தத்தில் ஒருத்தரும் இல்லாததுமாதிரி ஒரு கலியாணம். சண்முகம் ஐயாவின் முகத்தை நினைத்துப் பாருங்கள். மெசின் பயந்திருக்கும்.

விபூதி போன கதை

இப்படிப்பட்ட மெசின்கள் எனக்குச் செய்தது இது முதல் தடவை அல்ல.

முகத்தைத் துலக்கித் தரும் ஒரு கருவியை முன்பு ஒருதரம் பாவித்தேன். பரு, தழும்பு, கறை எல்லாவற்றையும் அழிக்கும் என்றார்கள். அழித்தது. விபூதியையும் கறை என்று நினைத்து அழித்தது, சந்தனப் பொட்டையும் விடவில்லை. சுத்தமான சைவக் குடும்பம் ஒன்று ஒரே அமத்தலில் வேதத்துக்கு, அதுதான் கிறிஸ்தவத்துக்கு, மாறிவிட்டது. பவானி வேதக்கார வீட்டுப் பிள்ளை. படத்தைப் பார்த்துவிட்டு, "எங்கடை போதகராலை ஏலாததை உங்கடை மெசின் செய்துபோட்டுது" என்றாள்.

இன்னொருதரம், கெட்டிமேளத்தோடு தாலி கட்டும் காட்சியை இணையத்தில் போட்டேன். போட்ட கையோடு எச்சரிக்கை வந்தது: இந்த இசை வேறொருவருக்குச் சொந்தமானது. எந்த நாட்டில் இருக்கிறதென்றே தெரியாத ஒரு கொம்பனி. நாதஸ்வரக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "ஊதினது நான். மூச்சு என்ரை. அவன் அப்ப எங்கை நிண்டவன்?" இந்தக் கேள்வியை அப்படியே எழுதி அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.

நான் மட்டும் என்ன திறமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். இரண்டு பெட்டிகளை வைத்து நாடாவிலிருந்து நாடாவுக்கு ஏற்றி வெட்டிய காலத்தில், நான் செய்யாத அநியாயம் இல்லை. மாப்பிள்ளையைத் தாமரைக்குள் வைத்து விரிய விட்டிருக்கிறேன். பெண்ணை நிலவுக்குள் இருத்தியிருக்கிறேன். ஒருதரம் மாமனாரின் தலை, இருதயப் படத்துக்குள் தவறி விழுந்து, மாமியாரோடு சேர்ந்து வானத்தில் பறந்தது. அந்தக் குடும்பம் இன்றைக்கும் அதைப் போட்டுப் பார்த்துச் சிரிக்கிறது.

ஆனால் அந்தப் பொய்யைப் பார்த்தவுடன் பொய் என்று தெரியும். யாரும் நிலவுக்குள் இருந்து வரவில்லை என்பது ஊருக்கே தெரியும். இந்த மெசினின் பொய் அப்படியல்ல. அது ஒன்றையும் சேர்க்கவில்லை. வந்த மனிதரை வராத மனிதராக்கிவிட்டுச் சத்தம்போடாமல் இருந்துவிட்டது.

கவலைப்படும் பெட்டி

சரி, மூலப் பதிவில் தேடி எடுத்துச் சேர்த்துவிடலாம் என்று இருந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கமெராவிலிருந்த மெமரி காட்டுகளை அழித்து, அடுத்தடுத்த கலியாணங்களை அவற்றில் எடுத்துவிட்டேன். கணினியில் இருந்ததை மென்பொருள் "உங்கள் இடத்தை மிச்சப்படுத்த" மேலே கொண்டுபோயிருந்தது. மேலே போய்ப் பார்த்தால், தெரிவாகாத காட்சிகளைக் குறிப்பிட்ட காலத்தின் பின் அழித்துவிடுமாம். அந்தக் காலமும் முடிந்திருந்தது. பொடி எழுத்தில் எழுதியிருந்ததாம். நான் ஒப்புக்கொண்டேனாம்.

உதவி கேட்க ஒரு பெட்டி இருந்தது. அதில் எழுதினால் பதில் வரும். மனிதரா மெசினா தெரியாது. நான் என் நிலைமையை எழுதினேன். "உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது" என்று வந்தது. ஒரு குடும்பம் பிரியப்போகிறது என்று எழுதினேன். "அதைக் கேட்டு வருந்துகிறோம். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று வந்தது. வானத்தைப் பார்த்தேன். பட்டப்பகல், ஒரு நட்சத்திரமும் இல்லை.

பவானி கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூணிலை கட்டிவிடுற அந்தச் சின்னக் கமெரா என்னப்பா செய்தது?"

"அது சும்மா. அரைவாசியை ஸ்பீக்கர் பெட்டி மறைச்சு நிண்டது. மெசினே வேண்டாமெண்டு தள்ளின வீடியோ."

"அப்ப அது மேலை போகேல்லைத்தானே?"

எழும்பி ஓடினேன். இடுப்பு நோவு எங்கே போனதென்று தெரியவில்லை.

ஒருதரம் மின்சாரம் நின்று தாலி கட்டுகிற காட்சியைத் தவறவிட்டதிலிருந்து, நம்பிக்கையில்லாமல் தூணில் ஒரு சின்னக் கமெராவைக் கட்டிவிடுவது என் பழக்கம். அதன் பதிவை மென்பொருள் ஏற்க மறுத்திருந்தது. "தரம் போதாது" என்று சிவப்பில் எழுதித் திருப்பி அனுப்பியிருந்தது. தரம் போதாதபடியால் தப்பிப் பிழைத்த வீடியோ, மேசை இலாச்சியில் பழைய வயர்களுக்கு நடுவே கிடந்தது.

போட்டுப் பார்த்தேன். படத்தின் இடப்பக்கம் முழுக்க ஸ்பீக்கர் பெட்டி. மிச்சத்தில் மணவறை. சண்முகம் ஐயா வருகிறார். அறுகரிசி போடுகிறார். இறங்குகிறார். நான் முகத்துக்குக் கிட்ட நின்று எடுத்தபோது இந்த இடத்தோடு கமெராவைத் திருப்பிவிட்டேன். தூண் திருப்பவில்லை.

மணவறைக்குப் பக்கத்தில் சிவஞானம் அண்ணை வேறு யாரையோ வரவேற்றுக்கொண்டு நிற்கிறார். தோளில் கிடந்த சால்வை சரிந்து முழங்கைக்கு வந்துவிட்டது. தமையன் அவருக்குப் பின்னால் நடந்து போகிறார். போகிற போக்கில் இரண்டு விரலால் அந்தச் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டு, நிற்காமல் போகிறார். தம்பி திரும்பவில்லை. ஈயோ இலையானோ இருந்ததுபோலத் தோளை ஒருதரம் அசைக்கிறார், அவ்வளவுதான்.

ஆஞ்சநேயரும் கண் சிமிட்டினார்

அதைக் கொண்டுபோய்ச் சிவஞானம் அண்ணையிடம் காட்டினேன். பார்த்தார். கை தானாகத் தோளுக்குப் போனது. பிறகு கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார்.

"உதை நீ செய்து ஒட்டினனியோ?"

"அண்ணை!"

"இல்லை, இப்ப எல்லாம் செய்யலாமாம். மகள் காட்டினவள். ஆரோ செத்த மனிசன் எழும்பி நிண்டு பாட்டுப் பாடுறார். என்னைச் சமாதானப்படுத்த நீ ஒரு கையைச் செய்து போட்டிருப்பாய்."

"அண்ணை, மருதனார்மடத்து ஆஞ்சநேயர்மேலை சத்தியமாச் சொல்லுறன்..."

"அவரை இழுக்காதை. அவரையும் ஆரோ மெசினிலை கண் சிமிட்ட வைச்சு எனக்கு அனுப்பினவை."

நான் பொய் சொன்ன காலத்தில் ஊர் என்னை நம்பியது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சோடனையும் இல்லாத உண்மையைக் கொண்டுபோனால், கள்ளன் என்கிறார்கள். கோபிக்கவும் முடியவில்லை. அவருடைய இடத்தில் இருந்தால் நானும் ஹெல்மெற்றைக் கழற்றியிருக்கமாட்டேன்.

"பொய்யெண்டால் வடிவாச் செய்திருப்பன் அண்ணை. அரைவாசியிலை ஸ்பீக்கர் பெட்டியை வைப்பனோ?"

அவர் திரும்பவும் படத்தைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "எனக்குத் தெரியேல்லையடா. ஆரோ பிள்ளையள் இழுக்கினமெண்டு நினைச்சன். நீ போய் அண்ணையிட்டைக் காட்டு. அவர் மெய்யெண்டால் மெய். நான் சொல்லி வந்ததெண்டு சொல்லாதை."

சாக்குக்குள் இரண்டு தலை

சண்முகம் ஐயா வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். உரும்பிராய்ச் செம்மண் காலில் சப்பாத்துமாதிரி ஏறியிருந்தது. வாயில் அணைந்துபோன சுருட்டு.

"ஆரது?"

"நான்தான் ஐயா, வீடியோக்காரன்."

"எந்த வீடியோக்காரன்? என்னை வெட்டினவனோ?"

"ஓம் ஐயா, அவன்தான்."

"மண்வெட்டி கிடக்கு. பாத்து வா."

அது அக்கறையா பயமுறுத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

"நான் வெட்டேல்லை ஐயா. தம்பியாரும் சொல்லேல்லை. ஒரு மெசின்தான் வெட்டினது. சிரிக்காத ஆக்களை அது சேர்க்காதாம்."

"சிரிக்கவோ நான் அங்கை போனனான்?"

இதை அந்த உதவிப் பெட்டியில் எழுதியிருந்தால், எத்தனை நட்சத்திரம் என்று கேட்டிருக்கும்.

"மெசின் வெட்டேக்கை நீ என்ன செய்தனி?"

"நித்திரை கொண்டனான் ஐயா."

மனிதர் முதல் தடவையாக என்னை நேரே பார்த்தார். "உது மெய்யாயிருக்கும்," என்றார்.

வெயிலில் திரை தெரியவில்லை. அவர் வரம்பில் கிடந்த ஒரு வெறும் சாக்கை எடுத்துத் தன் தலைக்கும் என் தலைக்குமாகப் போட்டார். உள்ளே வெங்காய மணமும் சுருட்டு மணமும். அந்த இருட்டுக்குள் தூணின் வீடியோ ஓடியது. அவர் சால்வையை எடுத்துப் போடுகிற இடம் வந்தது.

"திரும்பப் போடு."

போட்டேன்.

"இன்னொருக்காப் போடு."

போட்டேன்.

"உங்கடை தம்பி நம்புறாரில்லை ஐயா," என்றேன். சிவஞானம் அண்ணை சொல்ல வேண்டாம் என்றதை மறந்தே போனேன். "உது நான் செய்து ஒட்டினதாம்."

அவர் சாக்கை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். தண்ணீர் ஒரு வரம்பை உடைத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குள் போய்க்கொண்டிருந்தது. காலால் மண்ணைத் தள்ளி அடைத்தார். என்னைப் பார்க்காமல், அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"உவனுக்கு ஒரு நாளும் தோளிலை சால்வை நிண்டதில்லை. கோயிலுக்குப் போனாலும் நான்தான் பின்னாலை பொறுக்கிக்கொண்டு போறது."

எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்காதே. வந்த காரியத்தையும் கேட்டுவிடுவோம் என்று துணிந்தேன்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குத் தம்பி வீட்டை வருவியளோ ஐயா? நானும் கமெராவோடை வாறன். இந்தமுறை ஒருத்தரையும் வெட்டவிடமாட்டன்."

சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். மண்வெட்டியைத் தூக்கித் தோளில் போட்டார். நாலைந்து எட்டு நடந்த பிறகு, திரும்பாமலே சொன்னார்:

"உன்ரை மெசினை அங்கை கொண்டு வராதை."